செத்தவர் புத்தகங்களை இரவல் எடுத்த வருஷம்

தொண்ணூறுகளின் நடுவில் நான் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். வரலாறு. தாமிரபரணியிலிருந்து பிரிகிற கால்வாய்களைப் பற்றிய ஆய்வு. தலைப்பை நான் தேர்ந்தெடுக்கவில்லை, வழிகாட்டி கொடுத்தார். "நீ ஆத்துப் பக்கத்துப் பையன்தானே, ஒனக்குச் சுளுவா இருக்கும்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. என் அப்பாவும் அம்மாவும் மலைமேல் தேயிலை எஸ்டேட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். ஆறு எங்களுக்குக் கீழே எங்கேயோ மூடுபனிக்குள் கிடந்தது. நான் அதை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்ததே கல்லூரியில் சேர்க்க அப்பா என்னைக் கீழே கூட்டிவந்த அன்றைக்குத்தான்.

பேட்டையில் ஒரு பட்டறைக்கு மேலே அறை எடுத்துத் தங்கியிருந்தேன். காலையில் லேத் ஓட ஆரம்பித்தால் மேசை மேலிருக்கும் பேனா தானாக நகரும். அங்கே உட்கார்ந்து படிக்க முடியாது. அதனால் தினமும் பஸ் ஏறி ஊருக்கு வெளியே பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்விடுவேன். பல்கலைக்கழகம் புதிது. நூலகமும் புதிது. சுவரில் இன்னும் பெயின்ட் வாசனை போகவில்லை. ஆள் உயர இரும்பு ரேக்குகள் வரிசையாக நின்றன, பாதி காலியாக. புத்தக விவர அட்டைகள் அடுக்கிய பெட்டியைத் திறந்து 'கால்வாய்' என்று தேடினால் நாலைந்து அட்டைகளிலேயே விஷயம் முடிந்துவிட்டது.

கவுண்டரில் இருந்த அண்ணாச்சி நான் அந்தப் பெட்டியைத் திறந்து திறந்து மூடுவதைப் பல நாள் பார்த்திருப்பார் போலிருக்கிறது. ஒருநாள் மதியம் என்னைக் கூப்பிட்டார்.

"என்ன வே தேடுதீரு?"

சொன்னேன்.

"அட்டையில இருக்காது. பின்னால ஒரு ரூம் கெடக்கு. நன்கொடையா வந்த பொஸ்தகம். நம்பர் போட்டாச்சு, அட்டைதான் இன்னும் எழுதல. உள்ள போயிப் பாரும்."

அந்த அறையில் ஒரே ஒரு ஜன்னல். அதற்கு வெளியே உடைமரங்களும் வெயிலும். மூன்று சுவர்களிலும் புத்தகங்கள், எல்லாம் ஒரே ஆள் கொடுத்தவை. பழைய வருவாய்த்துறை அறிக்கைகள், கல்வெட்டுத் தொகுதிகள், கோயில் வரலாறுகள், நான் கேள்விப்பட்டு எங்கேயும் கிடைக்காத பாசனப் புத்தகங்கள். முதல் புத்தகத்தை உருவிப் பிரித்ததும் ஒரு நெடி மூக்கில் ஏறியது. மூக்குப்பொடி. பக்கங்களுக்கு நடுவில் அது கோடு மாதிரிப் படிந்திருந்தது. நான் தும்மிய தும்மலில் வெளியே யாரோ சிரித்தார்கள்.

ஓரங்களில் பென்சில் எழுத்து இருந்தது. பொடிப்பொடியாக, ஆனால் தெளிவான எழுத்து. நீளமாக எதுவும் இல்லை. 'இல்லை' என்று ஓரிடத்தில். 'போய்ப் பார்க்கணும்' என்று இன்னோரிடத்தில். சில இடங்களில் அதற்குக் கீழேயே, வேறு பென்சிலில், 'பார்த்தேன். பொய்.'

பாடப்புத்தகத்தில் அச்சானதையெல்லாம் வேதவாக்காக நம்பி வளர்ந்தவன் நான். ஒரு ஆள் அச்செழுத்தைப் பார்த்துப் பொய் என்று எழுதியிருந்தது எனக்குள் என்னவோ செய்தது. புத்தகத்தை விட்டுவிட்டு ஓரத்தைப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு அறிக்கையில், குறிப்பிட்ட கால்வாயின் தலைமடையில் பழைய எழுத்து வெட்டிய கல் ஒன்று நிற்பதாக இருந்தது. ஓரத்தில், 'மூன்று தடவை போனேன். கல் இல்லை.' அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சேரன்மாதேவிப் பக்கம் போய் இறங்கி, வயல் வரப்பிலேயே நடந்து அந்த மடையைக் கண்டுபிடித்தேன். தண்ணீர் ஓடியது. நாணல் அசைந்தது. கல் இல்லை. மறுநாள் நூலகத்துக்கு வந்து அந்த வரிக்குக் கீழே 'நானும் பார்த்தேன். இல்லை' என்று பென்சிலால் எழுதினேன். எழுதி முடித்தபோது யாரோ எட்டிப் பார்ப்பது போல் கழுத்துக்குப் பின்னால் ஒரு கூச்சம். திரும்பினேன். ஜன்னலும் வெயிலும்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் கவுண்டரில் கேட்டேன். "இந்தப் பொஸ்தகமெல்லாம் குடுத்த ஐயா எங்க இருக்காங்க அண்ணாச்சி? ஒரு தடவை பாத்துப் பேசணும்."

அவர் தேதிச் சீட்டில் முத்திரை குத்திக்கொண்டே சொன்னார். "எங்க போயிப் பேச? அவரு போயிச் சேந்துட்டாரு வே. காலேசுல வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. செத்த பெறவுதான் வீட்டுல இருந்து குடுத்து விட்டாவ."

நான் எடுத்த புத்தகங்களை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி பஸ்ஸில் நின்றேன். அத்தனை நாளும் உயிரோடு இருக்கிற ஒருவரோடு பேசிக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தேன்.

சில வாரம் கழித்து ஒரு பெண் நூலகத்துக்கு வந்தார். முப்பது வயதைத் தாண்டியவர், கையில் குடையும் துணிப்பையும். கவுண்டரில் அவர் பேசியது நன்கொடை அறை வரைக்கும் கேட்டது.

"எல்லாத்தையும் கேக்கல. ஒரு பத்துப் பொஸ்தகம். வச்சிட்டுத் திருப்பித் தந்துருதேன்."

"நீங்க மெம்பர் இல்லையேம்மா. ஒங்க அப்பா பொஸ்தகமே ஆனாலும் இப்ப அது யுனிவர்சிட்டி பொஸ்தகம்லா? நான் எப்பிடி எடுத்துக் குடுக்க?" அண்ணாச்சி குரலில் கடுமை இல்லை. வருத்தம்தான் இருந்தது.

அந்தப் பெண் வாசல்படி வரை போய் நின்றுகொண்டிருந்தார். நான் வெளியே வந்து, அந்தப் புத்தகங்களைப் படிக்கிறவன் நான்தான் என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

படியிலேயே நின்று விஷயத்தைச் சொன்னார். அவர் வண்ணார்பேட்டையில் பள்ளி ஆசிரியை. அப்பா இறந்ததும் வீட்டில் கரையான் ஏற ஆரம்பித்ததால், அண்ணனிடம் கேட்டுக்கொண்டு, புத்தகங்களைக் கொடுத்துவிட ஏற்பாடு செய்தவர் அவரே. அம்மா மதியம் படுத்திருந்த நேரத்தில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது.

"அப்பா செத்த அன்னைக்கு அம்மா அழவே இல்ல தம்பி. ஒரு சொட்டு இல்ல. ஆனா எந்திரிச்சு வந்து அந்தக் காலி அலமாரியப் பாத்தா பாருங்க, அப்பிடி ஒரு சத்தம் போட்டா. தெருவே கூடிட்டு. அதுல இருந்து சரியாச் சாப்பிடுததில்ல. சாயங்காலமானா ஆத்துப் படித்துறையில போயி நின்னுக்கிடுதா. 'அவுக வந்தா எங்கன உக்காருவாக'ன்னு கேக்கா. அந்த அலமாரியில நாலு பொஸ்தகமாவது இருந்தா..."

எனக்கு நூலக உறுப்பினர் டிக்கெட் இருந்தது. அவருக்கு இல்லை. அன்றைக்கே என் பெயரில் எடுத்து அவர் பைக்குள் வைத்தேன். கவுண்டர் அண்ணாச்சி முத்திரையைக் குத்திவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஆனால் எனக்கும் அந்தப் புத்தகங்கள் வேண்டும். கெடு முடிந்தால் திருப்பி எடுத்துவந்து புதுப்பிக்கவும் வேண்டும். அவருக்குப் பள்ளிக்கூடம். ஆகவே நானே சனிக்கிழமைகளில் அந்த வீட்டுக்குப் போய்ப் பழைய புத்தகங்களை எடுத்துக்கொண்டு புதியவற்றை வைத்துவிட்டு வருவது என்று ஆயிற்று.

வண்ணார்பேட்டை பஸ் சத்தத்திலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கும் தெருவில் இருந்தது வீடு. உள்ளே நுழைந்தால் வெளிச்சத்தம் சட்டென்று நின்றுவிடும். முன்னறையில் சுவரை அடைத்து ஒரு கண்ணாடி அலமாரி. நாங்கள் வைத்த புத்தகங்கள் ஒரு தட்டின் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. அலமாரிக்கு எதிரே பிரம்பு பின்னிய நாற்காலி.

முதல் சனிக்கிழமை அந்த ஆசிரியையின் அம்மா என்னைப் பார்த்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். வெகுநேரம் பார்த்தார். நான் ஒரு கட்டுப் புத்தகத்தைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் வந்திருந்தேன். என் சட்டையெல்லாம் மூக்குப்பொடி நெடி. பிறகு அவர் பைய நடந்துவந்து, என் முகத்துக்கு அருகில் மூச்சை இழுத்தார்.

"வந்துட்டியளா" என்றார். "உக்காருங்க. வெயில்ல அலைஞ்சிட்டு வந்திருக்கிய."

நான் மகளைப் பார்த்தேன். அப்போதே அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. உட்காருங்கள் என்று கண்ணால் கெஞ்சினார். நான் அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த அம்மா அடுக்களைக்குப் போய்த் தாமே காப்பி போட்டுக்கொண்டு வந்தார். பித்தளை டம்ளர். கையில் பிடிக்கத் தோதாக ஒரு துண்டுத் துணியைச் சுற்றிக் கொடுத்தார்.

"மாசக்கணக்கா அடுப்புப் பக்கம் போகாத அம்மா, தம்பி" என்று வாசலில் வழியனுப்பும்போது அக்கா சொன்னார். "நீங்க பேச வேண்டாம். ம் போட்டாப் போதும். வருவியள்லா?"

நான் போனேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். அதற்குக் காரணம் இரக்கம் மட்டும் என்று எனக்கே சொல்லிக்கொள்ள முடியாது. அப்படிப்பட்ட வீடுகளின் பின்வாசல்தான் எங்கள் ஆட்களுக்குப் பழக்கம். விறகு கொண்டு வந்தால் அங்கே இறக்கிவிட்டு, கையேந்தித் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவார்கள். நானாக, என் பெயரோடு, என் அப்பா பெயரோடு அந்த வீட்டுக்குப் போயிருந்தால் என்னை எதுவரைக்கும் விட்டிருப்பார்கள் என்று தெரியாது. அந்த அம்மாவுக்கு என் பெயர் தெரியாது. அவர் காப்பி கொடுத்தது எனக்கில்லை. அது தெரிந்தும் வாங்கிக் குடித்தேன். நன்றாக இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து நான் குறிப்பெடுப்பேன். அந்த அம்மா எதிரே தரையில் உட்கார்ந்து கீரை ஆய்வார். நடுவில் ஏதாவது சொல்வார். பக்கத்து வீட்டில் கிணறு தூர் வாருகிறார்கள், முருங்கையில் பூ கொட்டிப்போயிற்று, மகன் வடக்கே இருந்து போன் பேசினான். நான் ம் போடுவேன். அவர் குரலில் பயமோ குழப்பமோ இருந்ததில்லை. வெளியூர் போய்வந்தவரிடம் வீட்டு நடப்பைச் சொல்வது மாதிரித்தான் சொல்வார்.

மெல்ல மெல்ல என்னிடம் சில மாற்றங்கள் வந்தன. முதலில் எனக்குத் தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை நான் விரலை உதட்டில் வைக்காமல், பக்கத்தின் மேல்மூலையை நகத்தால் தூக்கித் திருப்பிக்கொண்டிருந்தேன். அறைக்குள் வந்த அக்கா கையிலிருந்த நோட்டுக் கட்டோடு அப்படியே நின்றார்.

"இத யாரு சொல்லித் தந்தா ஒங்களுக்கு?"

"எத?"

"அப்பா இப்பிடித்தான் தாளத் திருப்புவாக."

பொடி படிந்த புத்தகத்தில் விரலை நக்கிப் பக்கம் திருப்பினால் வாய் எரியும், அதனால் வந்த பழக்கமாக இருக்கும் என்று நான் விளக்கம் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆனால் அதற்குப் பிறகு நான் இருக்கும்போது அவர் முன்னறைக்கு அதிகம் வருவதில்லை. நூலகத்திலும் நான் அந்த அறைக்குள் தனியாக இருக்கப் பயப்பட ஆரம்பித்தேன். ஏதாவது ஒரு பத்தியைப் படித்ததும் எனக்கு ஒரு சந்தேகம் தோன்றும். அதே இடத்தில் ஓரத்தில் அதே சந்தேகம் பென்சிலில் எழுதியிருக்கும். நான் நினைத்ததற்குப் பிறகு அதைப் பார்த்தேனா, பார்த்த பிறகு நினைத்தேனா என்று எனக்கே பிடிபடாமல் போயிற்று. பேட்டை அறையில் கண்ணாடி முன்னால் முகம் சிரைக்கும்போது, என்னை மீறி, யார் இது என்று ஒரு கணம் கேட்டுக்கொண்டேன்.

ஆடி மாதக் காற்றில் தெருவெல்லாம் மணல் பறந்த ஒரு சனிக்கிழமை. நான் போனபோது அக்கா அடுக்களையில் இருந்தார். முந்தின வாரம் தூத்துக்குடியிலிருந்து அவரைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அவர் மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அம்மாவை விட்டுவிட்டு எங்கே போக என்று என்னிடமும் சொல்லியிருந்தார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்றைக்கு அந்த அம்மா கீரை எடுத்துக்கொண்டு வரவில்லை. காப்பியும் வரவில்லை. வெறுங்கையோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்லட்டா? கோவிச்சுக்கிடக் கூடாது."

ம் போட்டேன்.

"நீங்க செத்துப் போயிட்டிய" என்றார்.

கையில் புத்தகம் திறந்தபடி இருந்தது.

"ஒங்களுக்கு அது தெரியுமோ தெரியலையோ. நான்தான் பக்கத்துல இருந்தேன். கடைசியா வாயில தண்ணி ஊத்துனதும் நான்தான். இந்தா, இந்த எடத்துலதான் கெடத்தியிருந்தது." தரையைத் தொட்டுக் காட்டினார். குரல் உயரவில்லை. "பெறவு நீங்க வருவியன்னு எனக்குத் தெரியும். இந்தப் பொஸ்தகத்த விட்டுட்டு ஒங்களால இருக்க முடியாது. அதையெல்லாம் அவ தூக்கிக் குடுத்ததும் எனக்குக் கை கால் ஓடல. அவுக வந்து பாத்தா எங்கன போவாகன்னு நெனச்சேன். அப்பொறம் வந்திய. மொத நா வந்தப்ப எனக்கு நெஞ்சே நின்னுட்டு. வாலிபத்துல இருந்த மாரி வந்து நிக்கிய. பயந்தா நல்லாருக்காதேன்னு உக்காரச் சொன்னேன். பெறவு பழகிட்டு. ஒங்க வீடுதான, எத்தன நா வேணும்னாலும் வரட்டும்னு இருந்தேன்."

அடுக்களை வாசலில் அக்கா வந்து நிற்பது தெரிந்தது. அந்த அம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆனா அவளுக்கு வயசு போவுது. நீங்க வந்துக்கிட்டே இருந்தா அவளும் இங்கனயே இருந்துருவா. சனிக்கெழமன்னா வாசலப் பாக்கா. எனக்குத் தெரியாம இருக்குமா? எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஒங்கள நல்லாத்தான் பாத்துக்கிட்டேன். நீங்களும் என்னிய நல்லாத்தான் வச்சிருந்திய. போதும். பைய எந்திரிச்சுப் போயிருங்க. இனிமே வர வேண்டாம்."

இத்தனை மாதங்களாக அவரை ஏமாற்றுகிறோம் என்று நானும் அக்காவும் நினைத்துக்கொண்டிருந்தோம். புருஷன் செத்தது தெரியாத மனுஷி என்று இரக்கப்பட்டோம். அவரோ எல்லாம் தெரிந்து, ஒவ்வொரு வாரமும் ஒரு செத்தவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, ஊர்க்கதை சொல்லி அனுப்பிவைத்திருக்கிறார்.

நான் யார் என்று சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. எஸ்டேட்டைச் சொல்லலாம், என் பெயரைச் சொல்லலாம். அவர் கைகூப்பினார். தெய்வத்துக்குக் கும்பிடுகிற மாதிரி இல்லை, ஊருக்குக் கிளம்புகிறவருக்குச் சொல்கிற மாதிரி. நான் புத்தகத்தை மூடி நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து நடந்தேன்.

"திரும்பிப் பாக்காமப் போங்க" என்றார் பின்னாலிருந்து.

பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். தெருவில் காற்று மணலை வாரி இறைத்தது. எதிரே வந்த இரண்டு பேர் பேசிக்கொண்டே என்னை உரசுவது போல் கடந்துபோனார்கள், ஒதுங்கவில்லை. மெயின் ரோட்டுக்கு வந்து ஒரு டீக்கடையில் டீ கேட்டேன். கடைக்காரர் காதில் விழாதவர் போல் வேறு யாருக்கோ ஆற்றிக்கொண்டிருந்தார். மறுபடியும் கேட்கப் பயமாக இருந்தது. அவர் கிளாஸை என் முன்னால் வைத்து, "பிடிங்க, சூடு" என்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த வாரமே அக்கா மிச்சப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தார். கவுண்டரில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அண்ணாச்சி என் டிக்கெட்டுகளைத் திருப்பித் தந்தார்.

"நீங்க போன பெறவு அம்மா அழுதா தம்பி" என்றார் அக்கா. "அன்னைக்குத்தான் அழுதா. அப்பா செத்த அன்னைக்கு அழ வேண்டியதெல்லாம் சேத்து வச்சு. பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க வந்து கூட உக்காந்து அழுதாவ. சாயங்காலம் தலைக்கு ஊத்திக்கிட்டு வந்து சாப்பாடு கேட்டா."

நான் டிக்கெட்டுகளைச் சட்டைப் பையில் வைத்தேன்.

"ஒங்களுக்கு நான் நன்றி சொல்லணும். ஆனா சொல்ல வரல" என்றார். "ஒங்கள இப்பப் பாத்தாலும் எனக்கு ஒரு மாரி இருக்கு. தப்பா நெனக்காதிய." குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நாளில் தூத்துக்குடி இடமே அவருக்கு முடிந்தது என்று அண்ணாச்சி மூலம் தெரிந்தது.

என் ஆய்வேட்டை முடித்தேன். ஓரக் குறிப்புகளைப் பார்க்காமல் எழுதுவது என்று வைராக்கியமாக இருந்தேன், பாதிதான் நடந்தது. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர், ஒரு மடைக்கு மூன்று தடவை போனதாக எழுதியிருக்கிறாயே, அவ்வளவு பொறுமையா என்று பாராட்டினார். நான் போனது ஒரு தடவைதான். ஆய்வேட்டைப் புரட்டினேன். மூன்று தடவை என்றுதான் தட்டச்சாகியிருந்தது. அறைக்குப் போய்க் கைப்பிரதியை எடுத்துப் பார்த்தேன், அதிலும் என் கையெழுத்தில் அதேதான்.

அதற்குப் பிறகு அவர்களை ஒரே ஒரு முறை பார்த்தேன். வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்தில், மத்தியானக் கூட்டத்தில். அக்கா இடுப்பில் ஒரு குழந்தை. பக்கத்தில் அந்த அம்மா, கையில் பலகாரப் பொட்டலத்தோடு. நான் சில அடி தள்ளி நின்றிருந்தேன். நகர்ந்து போயிருக்கலாம், கால் வரவில்லை. அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். என் முகத்தை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் எதுவும் இல்லை.

"யாரு அது? நம்மளையே பாத்துக்கிட்டு நிக்கான்" என்று மகளிடம் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"தெரியலம்மா" என்றார்.

அவர்கள் பஸ் முதலில் வந்தது. கூட்டத்தோடு முண்டி ஏறிப் போய்விட்டார்கள். என் பஸ்ஸும் பின்னாலேயே வந்தது. ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகு, கண்டக்டர் வந்து எங்கன போணும் என்று கேட்டார். எனக்கு உடனே சொல்ல வரவில்லை. அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, நான் சொல்லட்டும் என்று நின்றார்.